ஒகேனக்கல்லா, தீர்த்தமலையா, அணைக்கரையா? தருமபுரிப் பக்கம் ஒரு நாள் நடைக்கு எங்கே போகலாம்

வெளியூரிலிருந்து தருமபுரிக்கு வரும் உறவுக்காரர்கள் வந்து இறங்கியதும் கேட்பது, "ஒகேனக்கல் போகலாமா?" என்றுதான். போகலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் அவர்கள் மனத்தில் இருப்பது வேறு. மலை தெரிய வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், மூச்சு வாங்காமல் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், கூட்டம் இல்லாமல் இருந்தால் ரொம்ப நல்லது. இதற்கெல்லாம் ஒகேனக்கல் சில மாதங்களில் சரியான இடம். சில மாதங்களில் அங்கே போய், போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இது ஊருக்கு ஊர் மாறும். ஒகேனக்கல்லில் ஓடும் காவிரிக்கு நம் ஊர் மழையால் பெரிய லாபம் இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்து, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, உபரி நீரைத் திறந்துவிட்டால்தான் அங்கே பொங்கும். தருமபுரியில் ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாளில் ஒகேனக்கல்லில் நடைபாதை மூழ்கிக் கிடக்கும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாணியாறு அணைக்கு வருவது ஏற்காட்டு மலைத் தண்ணீர். அது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கிறது. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. பெங்களூரில் அடித்துப் பெய்தால் இங்கே மதகு திறக்கும். ஆக, ஆகஸ்டில் போகிறவருக்கும் டிசம்பரில் போகிறவருக்கும் ஒரே இடத்தைச் சொல்ல முடியாது.

ஒகேனக்கல்: பார்க்க அருமை, நடக்கச் சுமார்

முதலில் பெரியதையே எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் வளைந்து இறங்கும் சாலையே பாதி சுகம். தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்துக்குப் பஞ்சமில்லை. வண்டி இல்லாதவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் வேறு எந்த இடமும் ஒகேனக்கல்லுக்கு ஈடு ஆகாது.

ஆனால் நடை என்று பார்த்தால், பேருந்து நிலையத்திலிருந்து கடைகளைத் தாண்டிப் பிரதான அருவி வரை போகும் பாதை, அப்புறம் தொங்கு பாலம், அவ்வளவுதான். சின்ன நடை. வயதானவர்களும் நிதானமாக நடந்துவிடலாம். வழி நெடுக மசாஜ் செய்பவர்கள் எண்ணெய்ப் புட்டியோடு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்வதானால் அருவிக்குப் பக்கத்திலேயே தேய்த்துக்கொண்டு நேராகக் குளிக்கப் போய்விடுங்கள். எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

அங்கே உண்மையான அனுபவம் பரிசலில்தான் இருக்கிறது. மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் தண்ணீர் புகாதபடி விரிப்புப் போட்டுத் தார் பூசிய வட்டக் கூடை அது. ஒரு பரிசலுக்கு 4 பேர், ஒரே ஒரு துடுப்பு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நிற்கும் இடுக்குக்குள் நுழைந்ததும் பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தி மொத்தப் பரிசலையும் பம்பரமாகச் சுற்றிவிடுவார். மேலே தெரியும் வானத் துண்டும் பாறையும் சேர்ந்து சுழலும். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இடையில் பாறை குறுக்கிட்டால், பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, நாம் பின்னால் நடக்க வேண்டும். ஒகேனக்கல்லில் எனக்குப் பிடித்த நடை இந்தப் பாறை மேல் நடக்கும் கொஞ்ச தூரம்தான். செருப்பு நல்ல பிடிமானமாக இருக்கட்டும். மூட்டு வலிக்காரர்கள் பரிசல் ஏறும் முன்பே எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. உயிர்க்கவசம் போடாமல் ஏறாதீர்கள். கட்டணத்தைத் துறையில் இருக்கும் பலகையைப் பார்த்துக் கட்டிவிட்டு ஏறினால் பிற்பாடு பேச்சு வராது.

எப்போது போவது? காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து தினமும் செய்தியில் வருகிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்வார்கள். கிளம்பும் முன் அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும். ஐந்தாறு ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்றால் அருவிக்கு அருவியும் இருக்கும், பரிசலும் ஓடும். கூடிக்கொண்டே போகிறது என்றால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போய், அருவி எது ஆறு எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே செந்நீர்க் காடாக இருந்தது. அதுவும் ஒரு காட்சிதான், ஆனால் தள்ளி நின்று பார்க்கிற காட்சி. கோடையில் தண்ணீர் சில நூறு கன அடிக்கு இறங்கிவிடும். அப்போது அருவிகள் மெலிந்து பாறைகள் எல்லாம் வெளியே வரும். பரிசலுக்கு அந்த நாட்களும் மோசமில்லை, வெயில்தான் மண்டையைப் பிளக்கும். என்னைக் கேட்டால் வெள்ளம் வடிந்த பிறகு, செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை, அதுவும் வார நாளில். ஆடிப்பெருக்கு அன்று புண்ணியம் வேண்டும் என்கிறவர்கள் போகட்டும். இயற்கையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஆகாத நாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. மீனை நாமே பார்த்து வாங்கி, அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் அம்மாக்களிடம் கொடுத்தால் கூலி வாங்கிக்கொண்டு குழம்பும் வறுவலுமாகச் செய்து தருவார்கள். மீன் வாங்கும்போதே ஆகும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, அதற்குள் குளித்துவிட்டு வருவது உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

தீர்த்தமலை: நடப்பதற்காகவே போகிறவர்களுக்கு

ஒகேனக்கல்லுக்கு நேர் எதிர் குணம் தீர்த்தமலைக்கு. அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். அடிவாரத்தில் ஒரு கோயில், மலை மேல் ஒரு கோயில். மேலே இருப்பவர் தீர்த்தகிரீஸ்வரர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். பக்தி இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன், இரண்டு மாவட்டங்களிலும் ஒழுங்கான பாதையில், மலை ஏறி, மேலே தண்ணீரையும் தொட்டுவிட்டு இறங்கக்கூடிய நடை என்றால் நான் முதலில் கை காட்டுவது இதைத்தான்.

அருவி என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது. கோயிலுக்குப் பக்கத்தில் செங்குத்தான பாறை உச்சியிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. மழைக்காலத்தில் கயிறு போல இறங்கும். கோடையில் தாரை உடைந்து சொட்டுச் சொட்டாகக் காற்றில் அலைந்து விழும். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்து அதைத் தலையில் வாங்கிக்கொள்வார்கள். ஏறி வந்த வியர்வையின் மேல் அந்த முதல் துளி விழும்போது உடம்பு ஒரு முறை சிலிர்க்கும். சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்கும் சித்திரையில் கூட இந்தப் பாறை கசிவது நின்றதில்லை என்று ஊரில் சொல்வார்கள். ராவண வதம் முடிந்து திரும்பிய ராமர் பூஜைக்குத் தண்ணீர் வேண்டி அம்பு விட்டார், அதில் பிறந்த ஊற்று இது என்பது தலபுராணம். காசிக்குக் கங்கை நீர் எடுக்கப் போன அனுமன் தாமதமாக வந்து, ராமர் பூஜையை முடித்துவிட்டதைப் பார்த்துக் கோபத்தில் வீசிய நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்த இடம் அனுமந்தீர்த்தம். முறைப்படி போகிறவர்கள் முதலில் அங்கே முழுகிவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். ஆற்றங்கரை, மலைப்பாதை, பாறை நீர் மூன்றும் ஒரே நாளில் அடங்கிவிடுவதால் இந்த முறையில் எனக்கும் சம்மதம்.

எளிதான நடையா? இளவட்டங்களுக்கு விளையாட்டு. நடக்கப் பழகியவர்கள் இடையிடையே உட்கார்ந்து ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். முட்டி பிரச்சினை உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் தொல்லை. அவர்களை அடிவாரக் கோயிலில் உட்கார வைத்துவிட்டுப் போவதில் ஒரு குறையும் இல்லை. காலை 7 மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் படிக்கல் சுட ஆரம்பித்துவிடும். குரங்குகள் இங்கே பழம், பிஸ்கட், பாலிதீன் பை எதையும் விடாது. கையில் பை சலசலத்தால் போச்சு. தண்ணீர்ப் புட்டியைத் தவிர எல்லாவற்றையும் மூடிய தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாசித் திருவிழா நாட்களில் கூட்டம் நெரியும். கார்த்திகை முடிந்து மார்கழி, தை மாதங்களில் போனால் வெயிலும் இதம், பாறையில் தண்ணீரும் இருக்கும், கீழே வயல்கள் பச்சையாக இருக்கும்.

வசதி என்று பார்த்தால் ஒகேனக்கல்லில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நல்ல ஓட்டல் வேண்டும் என்றால் அரூருக்குத்தான் திரும்ப வேண்டும். வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம், ஆனால் அதைக் கீழே இறங்கி வந்து பிரியுங்கள்.

ஏறவே வேண்டாம் என்பவர்களுக்கு அணையும் ஏரியும்

வீட்டில் எழுபதைத் தாண்டிய பெரியவர்களும் கைக்குழந்தையும் சேர்ந்து வருகிறார்கள் என்றால் மலை, அருவி இரண்டையும் மறந்துவிட்டு அணைக்கரைக்குப் போங்கள். அணை என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் கிருஷ்ணகிரி அணையைத்தான் சொல்வார்கள். 1957 இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடித்தது. நகரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். பூங்கா இருக்கிறது, மர நிழல் இருக்கிறது, குழந்தைகள் ஓடலாம், மீன் வறுவல் வாசனை வாசலிலேயே வந்து பிடித்துக்கொள்ளும். குடும்பத்தோடு ஒரு சாயங்காலத்துக்குக் குறைவில்லை. மலைக்குப் போனோம் என்ற நிறைவு மட்டும் வராது. நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் அவதானப்பட்டி ஏரியில் படகு விடுகிறார்கள். லாரிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பயணத்தின் நடுவே குழந்தைகளைச் சமாதானப்படுத்த ஒரு மணி நேரம் நிறுத்தலாம், அதற்கென்றே கிளம்பிப் போக வேண்டிய இடம் இல்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம், தண்ணீரில் கால் வைக்க வேண்டாம் என்பேன். பெங்களூரின் கழிவு கலந்து வந்து அங்கே நுரை மலைமலையாகப் பொங்குவது பலமுறை செய்தியானதுதான்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தவை இரண்டு, இரண்டும் தருமபுரி மாவட்டம். ஒன்று வாணியாறு அணை. ஏற்காட்டு மலை வடக்குப் பக்கமாக இறங்கி முடியும் இடத்திலேயே அணை நிற்பதால், தண்ணீருக்குப் பின்னால் மலை ஒரேயடியாக எழும்பித் தெரியும். ஏற்காட்டுக்குப் போய்ப் படகுத்துறையில் வரிசையில் நிற்பவர்களுக்கு, அதே மலையின் முதுகுப் பக்கம் இப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை. நவம்பர், டிசம்பரில் மழை ஒழுங்காகப் பெய்திருந்தால் போங்கள். பெய்யவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடிமண்ணைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று பஞ்சப்பள்ளி சின்னாறு அணை. மாரண்டஅள்ளியிலிருந்து போக வேண்டும். பெட்டமுகிலாளம் மலைகள் சுற்றி நிற்க நடுவில் தண்ணீர். இந்தச் சின்னாறுதான் கீழே ஓடிப் போய் ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. கூட்டம் கிடையாது, அதனால் கடையும் கிடையாது, கழிப்பறையும் நம்பிக்கைக்கு உரியதில்லை. பெண்களும் குழந்தைகளும் வரும் பயணத்தில் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாரண்டஅள்ளியிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. கரை மேல் நடக்க விடுவார்களா என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. அங்கே பணியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அணையானாலும் இறங்கிக் குளிக்கும் யோசனை வேண்டாம். கரை ஓரத்தில் முழங்கால் ஆழம் இருக்கும், அடுத்த அடியில் ஆள் மூழ்கும்.

ஏரி மட்டும் போதும், மலை தூரத்தில் தெரிந்தால் போதும் என்பவர்கள் பாரூர் பெரிய ஏரியைப் பார்க்கலாம். நெடுங்கல் தடுப்பணையிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணைத் தண்ணீர் அதில் நிற்கிறது. காலை நேரத்தில் கரையில் நடந்தால் கொக்கும் நாரையும் பார்த்துக்கொண்டே போகலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பக்கத்தில் போச்சம்பள்ளிச் சந்தையும் கூடும். அம்மாவுக்கு ஏரியைவிடச் சந்தைதான் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு தரப்புக்கும் சந்தோஷம்.

குளிருக்காகப் போகும் மலைகள்

வத்தல்மலையும் பெட்டமுகிலாளமும் இந்தக் கணக்கில் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன. இரண்டிலும் காற்று நன்றாக இருக்கும், டிசம்பரில் பனி இறங்கும், காலுக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் அருவி, ஏரி என்று எண்ணிப் போனால் ஏமாற்றம். வத்தல்மலை தருமபுரிக்குப் பக்கத்திலேயே, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகும் மலை. முன்பு ஜீப்பில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும், இப்போது சாலை இருக்கிறது. பெரியூர், பால்சிலம்பு போன்ற சிற்றூர்களுக்கு இடையே நடந்தால், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே காப்பிச் செடிகளில் பழம் சிவந்து நிற்கும். மழைக்குப் பிறகு வழியோரம் சின்னச் சின்ன ஓடைகள் ஓடும். அந்த ஓடைகளைப் பார்த்து மகிழ்கிறவர் நீங்கள் என்றால் தயங்க வேண்டாம். தோட்டங்கள் எல்லாம் மலையில் வாழும் மக்களுடையவை. வேலி தாண்டிப் போட்டோ எடுப்பதும் பழத்தைப் பறித்துப் பார்ப்பதும் வேண்டாம். புதிதாக வண்டி ஓட்டப் பழகியவரை அந்த வளைவுகளில் ஓட்ட விடாதீர்கள்.

பெட்டமுகிலாளம் இன்னும் அழகு, இன்னும் தூரம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர் வழியாகப் போகும் சாலை முழுக்கக் காடு. அந்தக் காட்டுக்கு உரிமையாளர் யானை. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014 இல் அறிவிக்கப்பட்டது இந்தப் பகுதிகளுக்குத்தான். ராகி விளையும் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை, பன்னேருகட்டாப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் இறங்கி ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் சுற்றும். குளிருக்காக நாம் போக நினைக்கும் அதே மாதங்கள்தான். ஆகவே சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும், உள்ளூர் ஆள் துணை வேண்டும். இரண்டும் இல்லாமல், பாதை நன்றாக இருக்கிறதே என்று நடந்து போய்ப் பார்க்கும் இடம் இது இல்லை.

இப்போது யாருக்கு எது என்று பார்த்தால்: ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்கள் பிலிகுண்டுலு எண்ணைப் பார்த்து, அதிகமாக இருந்தால் ஒகேனக்கல்லை அக்டோபருக்குத் தள்ளி வைத்துவிட்டுக் கிருஷ்ணகிரி அணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாம்பழப் பருவத்தின் கடைசி என்றால் ஒரு பெட்டி மல்கோவாவும் கிடைக்கலாம். பொங்கல் விடுமுறைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் தீர்த்தமலைக்குப் போகட்டும். தாத்தா பாட்டியோடு டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்களுக்கு வாணியாறு. வண்டி இல்லை, ஒரு நாள்தான் இருக்கிறது, முதல் தடவை வருகிறோம் என்றால் சந்தேகமே வேண்டாம், ஒகேனக்கல்தான். ஏப்ரல், மே மாதத்தில் வருகிறேன் என்பவர்களிடம் மட்டும் நான் தீர்த்தமலையை விடியற்காலையில் ஏறி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடச் சொல்கிறேன். பிற்பகலில் அந்த வெயிலில் இரண்டு மாவட்டத்திலும் சுகமாக நடக்க ஓர் இடம் கிடையாது.

வாணியாறையும் தீர்த்தமலையையும் ஒரே நாளில் சேர்க்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். சொந்த வண்டி இருந்தால் முடியும்: காலையில் தீர்த்தமலை, மதியம் அரூரில் சாப்பாடு, நான்கு மணிக்கு மேல் வாணியாறு. பேருந்தில் வருகிறவர்கள் இதை முயல வேண்டாம். அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் பேருந்து கிடைத்துவிடும், அணைப் பக்கம் போகும் பேருந்துகளுக்கு நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும், கடைசிப் பேருந்தை விட்டுவிட்டால் பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஆட்டோதான்.